தேத்துறதை நிறுத்துங்க, கூட நில்லுங்க: டீச்சரிடம் கேள்வி பதில்

மதுரைப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறார். இந்த முறை பிள்ளைகளின் தன்னம்பிக்கை பற்றிய கேள்விகள்.

உசிலம்பட்டி அம்மா: டீச்சர், பையன் பிளஸ் டூ கணக்குல நாலு மார்க்ல போயிட்டான். ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல, கதவைச் சாத்திட்டுக் கிடக்கான். என்ன சொல்லித் தேத்துறது?

தேத்துறதை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல அவனைத் தனியா விடாதீங்க. தாழ்ப்பாள் போட வேணாம்னு சொல்லுங்க, ராத்திரி ஒருத்தர் அதே அறையில படுங்க. பருத்திக்கு அடிக்கிற மருந்து வீட்ல இருந்தா இன்னிக்கே அப்புறப்படுத்துங்க. “செத்துரலாம்னு தோணுதாப்பா?”ன்னு நேராவே கேளுங்க. கேக்குறதால அந்த நினைப்பு புதுசா வந்துராது. உள்ள இருந்தா வெளிய வரும். ஆமான்னு சொன்னாலோ, வாயே திறக்கலைன்னாலோ 14416-க்குப் போடுங்க. அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், ராப்பகலா எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசோட மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கு. தப்பா எதுவும் பண்ணிருவானோன்னு பயமா இருந்தா போனோட நிக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

சொந்தக்காரங்க போனை அவங்க அப்பா எடுக்கட்டும். “ஒரு பேப்பர் போயிருக்கு, துணைத்தேர்வு எழுதுறான்”னு அவன் காதுல விழுற மாதிரி சொல்லிட்டு வச்சிரட்டும். அதுக்கு மேல விளக்கம் எதுக்கு? ரிசல்ட் வந்த சில வாரத்துலயே துணைத்தேர்வு வந்துரும், பாஸ் பண்ணிட்டா இந்த வருஷமே காலேஜ் சேரலாம். அவன் கொஞ்சம் தெளிஞ்சதும் விண்ணப்பத்தை அவனையே போட விடுங்க, நீங்க கூட மட்டும் போங்க. விடைத்தாள் நகல் வாங்கி, எந்தக் கணக்குல மார்க் போச்சுன்னு அவனே பாக்கட்டும். ‘எனக்குக் கணக்கே வராது’ங்கிறது போயி, ‘வகையீட்டுல ரெண்டு கணக்கு விட்டுட்டேன்’னு ஆனாலே பாதி பாரம் இறங்கிரும்.

கோச்சடை அப்பா: ஒன்பதாவது படிக்கிற மகளை எப்பவும் ‘நீ கெட்டிக்காரி’ன்னு தட்டிக் கொடுத்துதான் வளக்குறோம். ஆனா கஷ்டமான கணக்கைத் தொடவே மாட்டேங்கிறா.

அந்தப் பட்டம்தான் அவளைத் தடுக்குது சார். தொட்டுத் தப்பாப் போனா பட்டம் போயிருமே! 1998-ல அமெரிக்காவுல முல்லர், டுவெக்னு ரெண்டு உளவியலாளர்கள் அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகளை வச்சு இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. ‘புத்திசாலி’ன்னு பாராட்டு வாங்கின பிள்ளைங்க, அடுத்து லேசான புதிரையே கேட்டு வாங்கினாங்க, ஒரு தடவை தோத்ததும் துவண்டுட்டாங்க. ‘நல்லா முயற்சி பண்ணின’ன்னு கேட்ட பிள்ளைங்கதான் கஷ்டமானதை எடுத்தாங்க. அதுக்காக நாளைல இருந்து ‘நல்லா முயற்சி பண்ற’ன்னு மனப்பாடமாச் சொல்லாதீங்க, ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவா. நோட்டை வாங்கிப் பாருங்க. “மூணாவது வரியில குறி மாறினதை நீயே அடிச்சுத் திருத்தியிருக்கியே, எப்படிக் கண்டுபிடிச்ச?”ன்னு கேளுங்க. உங்களுக்குக் கணக்குத் தெரியாட்டியும் இதைக் கேக்கலாம்.

மேலூர் மாணவர்: தமிழ் மீடியத்துல படிச்சு இன்ஜினீயரிங் வந்துட்டேன் டீச்சர். செமினார்ல எழுந்தாலே கை நடுங்குது, இங்கிலீஷ் வரமாட்டேங்குது.

தம்பி, கை நடுங்குறது மேடை ஏறுற முக்காவாசிப் பேருக்கு உண்டு. நல்லாப் பேசுறவனுக்கும் நடுங்கும். அவன் அதை உடம்பு தயாராகுதுன்னு எடுத்துக்கிறான், நீ நமக்கு வராதுன்னு எடுத்துக்கிற. பண்டூரானு ஒரு உளவியலாளர், நம்மால முடியும்ங்கிற நம்பிக்கை எங்கிருந்து வருதுன்னு 1977-ல எழுதினார். நாலு வழி சொன்னார்: தானே செஞ்சு ஜெயிச்சது, தன்னை மாதிரி ஒருத்தன் ஜெயிச்சதைப் பாத்தது, அடுத்தவங்க சொல்ற தைரியம், உடம்போட பதட்டத்தை எப்படி எடுத்துக்கிறோம்ங்கிறது. இதுல பலமானது முதலாவது. பேச்சால வர்ற தைரியம் அடுத்த தோல்வியிலேயே கரைஞ்சுரும்.

அதனால சின்னதாத் தொடங்கு. மொதல்ல ஹாஸ்டல் அறையில ரெண்டு பேருக்கு ஒரே ஒரு படத்தை விளக்கு, தமிழும் இங்கிலீஷும் கலந்தே இருக்கட்டும். அப்புறம் கிளாஸ்ல எழுதி வச்ச ஒரே ஒரு கேள்வியைக் கேளு, வாசிச்சாலும் பரவாயில்ல. செமினாருக்கு முதல் நாலு வாக்கியத்தை மட்டும் வாய் விட்டுச் சொல்லிப் பழகிக்க. தொண்டை அடைக்கிறது அங்கதான். உன்னை மாதிரியே தமிழ் மீடியத்துல வந்து இப்ப ஃபைனல் இயர்ல நல்லாப் பேசுற அண்ணன் ஒருத்தர் உங்க டிபார்ட்மென்ட்லயே இருப்பார். அவர்கிட்டப் போயி முதல் வருஷம் எப்படி உளறினார்னு கேளு. நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, லீவு நாள்ல அங்க போயும் தயார் பண்ணலாம். ஆனா புத்தகத்தோட நின்னுராத. வாயைத் திறந்தாதான் பேச்சு வரும்.

திருமங்கலம் அப்பா: மூணு நாள் ஆளுமை முகாம், ஆறாயிரம் ரூபாயாம். அனுப்பலாமா?

வேணாம்ங்க. அங்க தட்டுற கை, திங்கக்கிழமை கிளாஸ் வரைக்கும் தாங்காது. அதே காசுல சிலம்பமோ நீச்சலோ சேத்து விடுங்க.

செல்லூர் தாத்தா: நாங்கல்லாம் அடி வாங்கித்தான் வளந்தோம். இப்பத்துப் பிள்ளைகளைத் தொட்டாலே வாடுதுகளே?

ஐயா, அடி வாங்கித் தேறினவங்கதான் இப்படிப் பெருமையாச் சொல்றாங்க, தேறாதவங்க கேள்வி கேக்க வரல. பள்ளிக்கூடத்துல அடிக்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தப்பு; அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஹவாயில கவாய்ங்கிற தீவுல 1955-ல பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர்ங்கிற உளவியலாளரும் அவர் கூட வேலை பாத்தவங்களும் பல பத்தாண்டு பின்தொடர்ந்தாங்க. வறுமை, வீட்டுச் சண்டைன்னு பல கஷ்டம் சேந்து வந்த பிள்ளைகள்ல மூணுல ஒரு பங்கு நல்லாவே தேறிச்சு. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த பலங்கள்ல முக்கியமானது, விட்டுப் போகாத ஒரு பெரிய ஆள். பெத்தவங்களாத்தான் இருக்கணும்னு இல்ல, தாத்தா பாட்டியாவும் இருந்தாங்க. உங்க பேரனுக்கு அந்த இடம் காலியா இருக்கான்னு பாருங்க.

ஆனையூர் அக்கா: தம்பிக்குப் பத்தொம்பது வயசு. ஒரு மாசமாத் தூக்கமில்ல, குளிக்கிறதில்ல, யார்கிட்டயும் பேச்சில்ல. வீட்ல கண்ணு பட்டிருக்குன்னு சொல்றாங்க.

சுத்திப் போடுறதைத் தடுத்து வீட்ல சண்டை இழுக்காதம்மா, அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆனா இது தன்னம்பிக்கை பேசித் தீர்ற விஷயமில்ல. ரெண்டு வாரம் தாண்டினாலே டாக்டரைப் பாக்கணும், நீங்க ஒரு மாசம் விட்டுட்டீங்க. கோரிப்பாளையம் பக்கத்துல ராஜாஜி அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, காலையில வெள்ளனவே போயி ஓ.பி. சீட்டு போட்டுருங்க. எத்தனை மணிக்குத் தூங்குறான், என்ன சாப்பிடுறான், எப்ப இருந்து இப்படின்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க. அங்க போயி நின்னா பாதி மறந்துரும். ‘மார்க்கெட்டுக்குப் போவோம் வா’ன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகாதம்மா. எங்க போறோம்னு சொல்லியே கூப்பிடு. வரலைன்னா மறுநாளும் கூப்பிடு. அதுக்குள்ள நீ மட்டுமாவது போயி டாக்டர்கிட்ட விவரத்தைச் சொல்லிட்டு வா.