கிறிஸ் கிரெப்ஸ் மேல டிரம்ப் பாய்ஞ்சப்போ சைபர் செக்யூரிட்டி கம்பெனிகள் ஏன் வாயே திறக்கல?

பயம்தான் காரணம். ஆனா அது என்ன மாதிரி பயம்னு கொஞ்சம் விளக்கணும், நானும் சென்னையில இதே ஃபீல்டுல வேலை பாக்கறவன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: கிரெப்ஸ், 2018ல ஆரம்பிச்ச அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு ஏஜென்சி சிசாவுக்கு முதல் டைரக்டர், அவரை நியமிச்சதே டிரம்ப்தான். 2020 தேர்தல் முடிஞ்சதும் ஓட்டை யாரும் மாத்தினதுக்கோ அழிச்சதுக்கோ எந்த ஆதாரமும் இல்லன்னு சிசா சொல்லிச்சு, நவம்பர் 17 அன்னைக்கு டிரம்ப் ஒரு ட்வீட் போட்டு ஆளைத் தூக்கிட்டார். அதோட விட்டிருந்தா பரவால்ல. திரும்ப ஜனாதிபதியா வந்தப்புறம், 2025 ஏப்ரல் 9ல, கிரெப்ஸோட செக்யூரிட்டி கிளியரன்ஸை, அதாவது அரசு ரகசியங்களைப் பாக்கற அனுமதியை ரத்து பண்ணி, அவர் மேல விசாரணைக்கும் உத்தரவு போட்டு, கூடவே அப்போ அவர் வேலை பாத்த சென்டினல்ஒன்ங்கிற சைபர் செக்யூரிட்டி கம்பெனிக்காரங்களோட கிளியரன்ஸையும் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டார்.

இந்தக் கடைசி விஷயம்தான் எல்லார் வாயையும் அடைச்சிச்சு. ஒருத்தன் மேல கோபம்னா அவன் தெருவுக்கே தண்ணி லைனை கட் பண்ற மாதிரி இது. கிளியரன்ஸ் இல்லன்னா ரகசிய அரசு வேலை எதையும் தொட முடியாது, பெரிய செக்யூரிட்டி கம்பெனிகள் பலதுக்கும் அமெரிக்க அரசு முக்கியமான கஸ்டமர். சென்டினல்ஒன்ல கிளியரன்ஸ் வெச்சிருந்தவங்க பத்து பேருக்கும் குறைவுன்னு அவங்களே சொன்னாங்க, அதனால பண நஷ்டம் பெருசா இல்ல, ஆனா இந்த ஆளை வேலைக்கு வெச்சா உனக்கும் இதுதான்னு மத்த எல்லா கம்பெனிக்கும் செய்தி போயிருச்சு. ஒரே வாரத்துல கிரெப்ஸ் ராஜினாமா பண்ணிட்டார். ராய்ட்டர்ஸ் 33 கம்பெனிகள்கிட்டயும் மூணு தொழில் அமைப்புகள்கிட்டயும் கருத்து கேட்டாங்க, பதில் சொன்னது சைபர் த்ரெட் அலையன்ஸ்ங்கிற ஒரே ஒரு அமைப்பு.

எனக்கு வயிறு எரியறது எங்கன்னா, எங்க தொழிலே கெட்ட செய்தியை உள்ளபடி சொல்றதுதான், அதுக்குத்தான் சம்பளம் வாங்கறோம். சிஸ்டத்துல பாதுகாப்பு ஓட்டை இருந்தா இருக்குன்னு சொல்லணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும், அந்த "இல்ல"க்காக ஒருத்தரை நாலு வருஷத்துக்கு அப்புறமும் துரத்தறாங்கன்னா நாளைக்கு யார் உள்ளதைச் சொல்லுவா?

நம்ம ஊரும் இதுல ஒசத்தி இல்ல. 2010ல ஹைதராபாத் ஹரி பிரசாத், வெளிநாட்டு ரிசர்ச்சர்ஸ் சிலரோட சேர்ந்து இவிஎம்ல, அதாவது ஓட்டு மெஷின்ல என்னென்ன முறைகேடு பண்ண முடியும்னு செஞ்சே காட்டினார், ஆகஸ்ட்ல வீட்டுக்கு வந்து அரெஸ்ட் பண்ணி மும்பைக்குக் கொண்டு போனாங்க, மெஷினைக் குடுத்தது யாருன்னு கேட்டாங்க, அவர் கடைசி வரை பேரைச் சொல்லல. கவனிங்க, கிரெப்ஸ் மெஷின்ல தப்பு நடக்கலன்னு சொன்னவர், ஹரி பிரசாத் நடக்க வாய்ப்பிருக்குன்னு சொன்னவர், ரெண்டு பேருக்குமே அடி விழுந்துச்சு. மெஷின் நல்லதா கெட்டதாங்கிறது பிரச்சனையே இல்ல, அதிகாரத்துல இருக்கறவனுக்குப் பிடிக்காததைச் சொன்னதுதான் பிரச்சனை.

அன்றாட வேலையில இது சத்தமில்லாமத்தான் நடக்கும். நான் பாத்த ரிப்போர்ட்டுகள்ல ரொம்ப ஆபத்தான ஓட்டை, கிரிட்டிகல்னு எழுதினது ரிவ்யூ முடிஞ்சு வரும்போது மீடியம் ஆயிருக்கும், அரசாங்க சைட்ல ஓட்டை கண்ணுல பட்டா "நமக்கு ஏன் வம்பு, ஐடி ஆக்ட்ல கேஸ் போட்ருவாங்க"ன்னு டேபை மூடிட்டுப் போற பசங்களை எனக்குத் தெரியும். அவங்களை நான் குறை சொல்லமாட்டேன், வீட்டு லோன் இருக்கு, குழந்தைங்க இருக்கு. ஆனா அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும், உங்க டேட்டாவும் என் டேட்டாவும் அதுக்குள்ளதான் இருக்கு.

கம்பெனிகள் பேசாதப்போ, ஏப்ரல் கடைசியில செக்யூரிட்டி ஆளுங்க சிலர் சொந்தப் பேரைப் போட்டு கிரெப்ஸுக்கு ஆதரவா ஒரு திறந்த கடிதத்துல கையெழுத்து போட்டாங்க. அவங்களுக்கும் வேலை போற ரிஸ்க் இருந்துச்சு, தெரிஞ்சேதான் போட்டாங்க, இந்த ஃபீல்டுல எனக்கு மரியாதைன்னா அவங்க மேலதான்.