பையன் காரில் தைல வாசனை

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். 19 வயது மகன், கல்லூரியில் பேஸ்பால் ஆடுகிறான். அவன் காரில் வட்டமான புகையிலை டப்பா ஒன்று கிடைத்தது, 'விண்டர்கிரீன்' என்று போட்டிருந்தது. திறந்ததும் மூட்டுவலித் தைலம் மாதிரி குப்பென்று அடித்து எனக்குக் குமட்டியது. அவனோ, "மிட்டாய் மாதிரிதானேம்மா இருக்கு" என்கிறான். ஒரே வாசனை இரண்டு பேருக்கு இப்படி மாறுமா? வெறும் வாசனைதானே என்று விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் இருவரும் முகர்ந்தது ஒரே பொருளைத்தான். மெத்தில் சாலிசிலேட் என்று பெயர். நம் வீட்டு வலி பாம் லேபிளில் 'கந்தபூரா தைலம்' என்று போட்டிருப்பதும், ஊட்டிக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்பதும் இதுதான். உங்கள் மூக்கு இதைக் காய்ச்சல், சுளுக்கு, தாத்தா முழங்கால் என்று பழகியிருக்கிறது. அங்கேயே வளர்ந்த உங்கள் பையனுக்கு இது மிட்டாய், சுவிங்கம், ரூட் பியர் என்ற மதுவில்லாத குளிர்பானம். பிரிட்டனில் 1960-களின் நடுவில் பலவித வாசனைகளைப் பிடிக்குமா என்று கேட்டு வரிசைப்படுத்தியபோது இது கடைசிப் பக்கம் போனது, அங்கே இது மருந்து வாசனை. 1978-ல் அமெரிக்காவில் அதேபோலக் கேட்டபோது மேலே வந்தது. முதலில் எங்கே சந்தித்தோமோ, அதுதான் பிடித்தம்.

ஆனால் புகையிலைக்குள் இதைச் சேர்ப்பதற்கு வேறு காரணம் உண்டு. அந்த டப்பாவில் இருப்பது 'டிப்', ஈரம் பாதியளவு உள்ள புகையிலைத் தூள். ஒரு சிட்டிகை எடுத்துக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்குவார்கள். வெறும் புகையிலையை வைத்தால் கசந்து எரியும், புதியவன் உடனே துப்பிவிடுவான். விண்டர்கிரீனின் இனிப்பும் காரமும் அந்த எரிச்சலை மூடிவிடுகின்றன. ஸ்கோல் என்ற பிராண்டு 1934-லேயே இந்த வாசனையோடு வந்துவிட்டது. வாசனை தூக்கலான மெல்லிய சரக்கில் ஆரம்பித்துக் கடுமையான சரக்குக்கு ஏற்றிவிடுவதையே அமெரிக்கக் கம்பெனி ஒன்று விற்பனைத் திட்டமாக வைத்திருந்தது, அதன் உள் ஆவணங்களிலிருந்தே வெளியே வந்தது. நம்மூர்ப் பள்ளி வாசல்களில் புழங்கும் கூல் லிப் என்ற உதட்டுப் புகையிலையின் குளிர்ச்சி செய்வதும் இதே வேலைதான்.

கடுமை எங்கிருந்து வருகிறது? காரத்தன்மையிலிருந்து. நாக்கில் உறைக்கும் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்; பிஹெச் என்ற எண் ஏற ஏற அது கூடும். தூளின் பிஹெச் 7 என்றால் நிகோட்டினில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் உடனே சதைக்குள் இறங்கும் வடிவத்தில் இருக்கும். 8 ஆனால் ஏறக்குறைய பாதி. வாசனை ஒன்றாகவே இருக்கும், பிடி மட்டும் பல மடங்கு இறுகும். அதனால் "மிட்டாய் மாதிரி" என்பதை நம்பி விடாதீர்கள். நைட்ரோசமைன் என்கிற புற்றுநோய்ப் பொருள்கள் புகையிலையிலேயே இருக்கின்றன. எந்த வாசனையும் அவற்றைக் குறைக்காது.

அவனோடு வாசனையைப் பற்றி வாதாட வேண்டாம், தோற்றுப்போவீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: டப்பா எத்தனை நாள் வருகிறது? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிட்டிகை? அரை மணிக்குள் என்றாலோ, வாரம் மூன்று டப்பாவுக்கு மேல் போனாலோ பிடி இறுகிவிட்டது. அப்போது விடுவதற்கு 4 மி.கி. நிகோட்டின் சுவிங்கம் வேண்டியிருக்கும், குறைவாக இருந்தால் 2 மி.கி. போதும். இதைச் சாதாரண சுவிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். நாலைந்து தடவை மெல்ல வேண்டும், சுருக்கென்றதும் கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு போனதும் மறுபடி மெல்லலாம். கால் மணி முன்பிருந்தே காபி, கோலா வேண்டாம். அமிலம் பட்டால் நிகோட்டின் உள்ளே இறங்காது. எங்கள் கருத்து, முதல் சில வாரமாவது விண்டர்கிரீன் மிட்டாயும் சுவிங்கமும் அவன் கண்ணில் படாமல் இருக்கட்டும். உதட்டோரம் அந்த வாசனை வந்தாலே கை டப்பாவைத் தேடும். இலவங்கப்பட்டை வாசனை பரவாயில்லை.

கண்ணாடி முன் நின்று கீழுதட்டை வெளியே மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடக்கி வைக்கும் இடத்தில் தோல் சுருங்கி வெள்ளையாகத் தடித்திருக்கிறதா, ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரிகிறதா என்று பார்க்கட்டும். இதில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஊட்டியிலிருந்து யாராவது அந்தத் தைலப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் பூட்டி வையுங்கள். அதில் ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரின் விழுங்கியதற்குச் சமம், சிறு குழந்தையின் உயிரையே எடுத்துவிடும்.

அமெரிக்காவில் 2019 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழே யாருக்கும் புகையிலை விற்கக் கூடாது. அவனுக்கு யாரோ வாங்கித் தருகிறார்கள், அது யாரென்று கேளுங்கள். விட நினைத்தால் 1-800-784-8669 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். அழைப்பை அவனே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.