வில்சன்–பாப்பு விளைவு: பெயரிலுள்ள பாப்பு யார், அவர் கண்டது என்ன?

இந்திய வானியலாளர் வைணு பாப்பு (1927–1982). அமெரிக்க வானியலாளர் ஒலின் வில்சனுடன் சேர்ந்து அவர் 1957-இல் வெளியிட்டது, விண்மீனின் தூரத்தையே அளக்க வழிசெய்தது.

சூரியனைப் போன்ற அல்லது அதைவிடக் குளிர்ந்த விண்மீனின் நிறமாலையில் (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பட்டையில்), 393.4 நானோமீட்டர் அலைநீளத்தில் கால்சியத்தின் கருங்கோடு இருக்கும். அதன் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். கீற்று அகலமாக இருந்தால் விண்மீனின் உண்மையான ஒளிர்வும் அதிகம். அதை நமக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும். அகலம்தான் கணக்கு, கீற்றின் பளிச்சிடல் அல்ல. நிறமாலையைப் பதியும் கருவியான நிறமாலைமானியின் பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) போதாவிட்டால் கருவியே கீற்றை அகட்டிக் காட்டும்; விண்மீன் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகக் கணக்கு வரும்.

1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற பாப்பு, பிறகு புதிய தொலைநோக்கிகளுக்கான இடமாக ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப் பிடித்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986-இல்தான் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.