பழைய லேத்தின் ஸ்பிண்டில் பேரிங்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லேத்தின் (கடைசல் இயந்திரம்) ஸ்பிண்டிலை, அதாவது வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டை, தாங்கும் பேரிங்கைப் பற்றியவை. ஆகவே மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் பழைய இங்கிலாந்து லேத் ஒன்று உள்ளது. அதற்கு பிரீலோடு (ஆட்டம் நீங்கியபின் பேரிங்குக்குக் கொடுக்கும் முன்னிறுக்கம்) எவ்வளவு வைக்க வேண்டும்?

லேத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை, மாடலையும் எழுதவில்லை, ஹெட் ஸ்டாக்குக்குள் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) என்ன பேரிங் இருக்கிறது என்று திறந்து பார்த்ததாகவும் தெரியவில்லை. இவை தெரியாமல் நான் ஓர் எண்ணைச் சொன்னால் அது உங்கள் இயந்திரத்துக்குக் கேடாகத்தான் முடியும். இங்கிலாந்தில் செய்தவை என்பதால் எல்லாம் ஒன்றாகிவிடா. பீஸ்டனில் உருவாகி 1946-இல் வெளிவந்த மைஃபோர்டு எம்எல்7-இல் இருப்பது வெள்ளை உலோகப் பேரிங், அதாவது குண்டோ உருளையோ இல்லாத வெற்றுப் பேரிங். அதே நிறுவனத்தின் சூப்பர் 7-இல் முன்பக்கம் டேப்பர் வெண்கல புஷ்ஷும் பின்பக்கம் ஒரு ஜோடி ஆங்குலர் கான்டாக்ட் பால் பேரிங்கும் உள்ளன. ஹாலிஃபாக்ஸில் செய்த பாக்ஸ்ஃபோர்டுகளில் பெரும்பாலும் டேப்பர் ரோலர் (கூம்பு வடிவ உருளை) பேரிங்கைக் காணலாம். முதல் வகைக்கு பிரீலோடே கிடையாது. கடைசி வகை பிரீலோடு இல்லாமல் சரியாக வேலை செய்யாது. எது உங்களுடையது என்று பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: பாக்ஸ்ஃபோர்டு லேத்தின் டேப்பர் ரோலர் பேரிங்கை சரிசெய்யும் முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். முதலில் லேத்தை நடுத்தர வேகத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஓடவிட்டு, ஹெட் ஸ்டாக் நன்றாக இளஞ்சூடு ஏறிய பிறகே நட்டில் கை வையுங்கள். காலையில் வந்தவுடன் குளிர்ந்த நிலையில் சரிசெய்தது மதியத்துக்குள் மாறிவிடும். இதற்குக் காரணம் உண்டு. இந்த அமைப்பில் இரண்டு பேரிங்குகளின் பெரிய முனைகளும் வெளிப்புறம் பார்த்திருப்பதால், ஸ்பிண்டில் சூட்டில் நீளும்போது இறுக்கம் குறையும். அதே ஸ்பிண்டில் பருமனில் விரியும்போது இறுக்கம் கூடும். எது மேலோங்கும் என்பது பேரிங்குகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 12 மைக்ரான் விரியும். 200 மிமீ இடைவெளியில், ஸ்பிண்டில் ஹெட் ஸ்டாக்கைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடானால், ஏறத்தாழ 12 மைக்ரான் மாறிவிடும். பிரீலோடு விஷயத்தில் 12 மைக்ரான் சிறிய அளவன்று.

சூடேறிய பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, பெல்ட்டைத் தளர்த்தி, பேக் கியரையும் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரத் தொகுதி) விலக்கிவிடுங்கள். பின்பக்க நட்டின் இப்போதைய நிலையை நட்டிலும் ஸ்பிண்டிலிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடாகக் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். குறி இல்லாமல் நட்டைத் திருப்பியவர்களின் கடிதங்கள் எனக்கு மாதந்தோறும் வருகின்றன; திரும்பிப் போக வழி தெரியாமல் தவிப்பவர்கள் அவர்கள்தாம். நட்டைப் பிடித்து நிறுத்தும் கிரப் ஸ்குருவைத் தளர்த்துங்கள். அதன் அடியில் பித்தளைத் துண்டு இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்குரு நேராக மரையில் அழுந்தாமல் காப்பது அதுதான்.

டயல் கேஜின் காந்த அடியை ஹெட் ஸ்டாக் வார்ப்பின் மீதே நிறுத்தி, அதன் முனையை ஸ்பிண்டில் மூக்கின் (சக் மாட்டும் முன்முனை) முகத்தில் வையுங்கள். ஸ்பிண்டிலை முன்னும் பின்னுமாகத் தள்ளி நீளவாட்டு ஆட்டத்தைப் பாருங்கள். ஒரு கையால் ஸ்பிண்டிலை இடைவிடாமல் சுழற்றியபடியே மறு கையால் நட்டைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சுழற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் தம் பெரிய முனையிலுள்ள விளிம்பில் போய் அமராது; இறுகியதுபோல் தோன்றி, ஓடும்போது தளர்ந்துவிடும். கேஜின் முள் அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டதும், ஸ்பிண்டில் மூக்கில் நூலைச் சுற்றி, நூலின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். தராசு காட்டும் அளவை எழுதிவையுங்கள். அதன் பின் நட்டை மயிரிழை அளவு நகர்த்தி மீண்டும் இழுத்துப் பார்த்தால், இழுவிசை தெளிவாக ஏறத் தொடங்கும் இடம் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திக் கிரப் ஸ்குருவைப் பூட்டி, பூட்டிய பின் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

கடைசிச் சோதனை சூடு. வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் பேரிங் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். இதமான சூடாக இருந்து கையை வைத்திருக்க முடிந்தால் நன்று. சில நொடிகளில் கையை எடுக்க நேர்ந்தால் 60 டிகிரியை நெருங்குகிறது என்று பொருள், தளர்த்துங்கள். தளர்த்துவது என்றால் நட்டைப் பின்னுக்குத் திருப்புவதோடு முடியாது. பின்பக்கப் பேரிங்கின் உள்வளையம் ஸ்பிண்டிலில் இறுகிப் பொருந்தியிருப்பதால், நட்டு விலகினாலும் வளையம் அங்கேயே நிற்கும். நைலான் அல்லது மரச் சுத்தியலால் ஸ்பிண்டிலின் பின்முனையில் இலேசாகத் தட்டி வளையத்தை நட்டின் மீது வந்து உட்காரச் செய்துவிட்டு, பிறகு இறுக்கும் திசையிலேயே வந்து நிறுத்துங்கள். இரும்புச் சுத்தியல் ஒருபோதும் கூடாது.

கேள்வி: ஸ்பிண்டில் பேரிங்கில் எண்ணெய்க்குப் பதிலாக கிரீஸ் வைக்கலாமா? என்னுடையது சவுத் பெண்ட் 9 அங்குல லேத்.

கூடாது. திரி மூலம் எண்ணெய் ஏறும் ஏற்பாட்டில் கிரீஸ் திரியை அடைத்துவிடும். ஸ்பிண்டில் வறண்டு போகும். 22 அல்லது 32 கிரேடு மெல்லிய எண்ணெயையே ஊற்றுங்கள்.

கேள்வி: எம்எல்7-இல் ஆட்டம் தெரிந்ததால் முன்பக்க மூடிக்கு அடியிலிருந்த ஷிம்களை (மெல்லிய தகடுகள்) எல்லாம் எடுத்துவிட்டு இறுக்கினேன். இப்போது கையால் சுழற்றவே முடியவில்லை. ஓடினால் சூடாகிறது.

உடனே நிறுத்துங்கள். வெள்ளை உலோகம் மென்மையானது. எண்ணெய்ப் படலம் அறுந்தால் அது இளகி ஸ்பிண்டிலில் ஒட்டிக்கொள்ளும். வெற்றுப் பேரிங்குக்கு பிரீலோடு என்ற ஒன்றே இல்லை. எண்ணெய் நிற்க ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத்தான் ஷிம்கள் தருகின்றன. எடுத்த ஷிம்களை மீண்டும் வையுங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிய மெல்லிய அடுக்குகள். ஒரு முறைக்கு ஓர் அடுக்கை மட்டும், ஏறத்தாழ 0.05 மிமீ, மூடியின் இரண்டு பக்கத்திலும் சமமாக உரித்தெடுத்து, மூடியை முழுமையாக இறுக்கி, எண்ணெய் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். கட்டையாக நின்றால் கடைசியாக உரித்ததைத் திரும்ப வையுங்கள். மூடியின் போல்ட்டை அரைகுறையாக விட்டு இடைவெளியைச் சரிக்கட்டுவோரும் உண்டு. அது முறையன்று, மூடி அசைந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: சவுத் பெண்டில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்பதை எப்படி அளப்பது?

ஸ்பிண்டிலின் முன்முனைக்குள் ஒரு நீண்ட தண்டைச் செலுத்தி, சுமார் 75 பவுண்டு, அதாவது 34 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தூக்குங்கள். பேரிங்கை ஒட்டிய இடத்தில், அடியை ஹெட் ஸ்டாக்கில் ஊன்றிய டயல் கேஜ் 0.02 மிமீ போலக் காட்டினால் போதுமானது. கேஜின் அடியைப் பெட்டில் (லேத்தின் அடித்தளம்) வைத்தால் ஹெட் ஸ்டாக் வளைவதையும் சேர்த்து அளப்பீர்கள்.

கேள்வி: எங்கள் லேத்தில் பார்ட்டிங் (வேலைத்துண்டை வெட்டிப் பிரிப்பது) செய்யும்போது சாட்டர் (டூலும் வேலைத்துண்டும் அதிர்வது) வருகிறது. பின்பக்க நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று நண்பர் சொல்கிறார். எவ்வளவு இறுக்கலாம்?

ஒன்றும் இறுக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதினாலும், அடுத்த மாதம் இன்னொருவரிடமிருந்து வந்துவிடுகிறது; அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன்.

சாட்டர் வந்ததும் பேரிங்கைச் சந்தேகிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பழைய சிறிய லேத்தில் சாட்டருக்குக் காரணங்கள் பல. அவற்றில் பேரிங் கடைசி இடத்துக்கு வருவதே அதிகம். டூல் டூல் போஸ்டிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பார்ட்டிங் பிளேடு 25 மிமீ நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே அதிர்வதற்குப் போதும். டூலின் முனை சென்டர் உயரத்தில் இருக்கிறதா? காம்பவுண்ட் ஸ்லைடின் கிப் (ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) தளர்ந்திருக்கிறதா? சக் ஜாக்கள் வாய் திறந்து வேலைத்துண்டை முனையில் மட்டும் பிடிக்கின்றனவா? ஹெட் ஸ்டாக்கைப் பெட்டோடு இணைக்கும் போல்ட் இறுகியிருக்கிறதா? லேத் நிற்கும் மேசை தரையில் நான்கு காலையும் ஊன்றி நிற்கிறதா? கடிதத்தில் இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் பார்த்ததாக எழுதவில்லை. இவ்வளவும் பார்த்தபின் டயல் கேஜை வைத்து ஆட்டத்தை அளந்து, ஆட்டம் இருப்பது எண்ணாகத் தெரிந்தால் மட்டுமே நட்டைப் பற்றிப் பேசலாம்.

இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பழைய டேப்பர் ரோலர் லேத் ஒன்றை வாங்கினேன். விற்றவர் ‘இப்போதுதான் நன்றாக டைட் வைத்தேன், ஆட்டமே இல்லை’ என்று பெருமையோடு சொன்னார். உண்மைதான், ஆட்டம் துளியும் இல்லை. ஆனால் பெல்ட்டை விலக்கிக் கையால் மெதுவாகச் சுழற்றியபோது, ஒவ்வொரு சில டிகிரிக்கும் ஒரு மெல்லிய தடங்கல் விரலில் உணரத் தெரிந்தது. பிரித்து வெளிவளையத்தைத் துடைத்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். பளபளப்பான பரப்பின் குறுக்கே, ரோலர்களின் இடைவெளியில், சாம்பல் நிறக் கோடுகள் வரிசையாக இருந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் நகம் தட்டியது. அளவுக்கு மீறிய இறுக்கத்தில், எண்ணெய் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு, உலோகம் உலோகத்தின் மீது அழுந்திய தடம் அது. அந்த லேத்தில் டர்னிங் செய்தால் வேலைத்துண்டின் மீது சீரான வரிகள் விழும். அவர் சாட்டரை நிறுத்த இறுக்கினார். இறுக்கியதே நிரந்தரச் சாட்டராக முடிந்தது. இரண்டு பேரிங்குகளையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே நண்பரின் யோசனையை விட்டுவிடுங்கள். பிளேடின் நீட்டத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, கேரியேஜைப் (டூலைத் தாங்கி நகரும் பகுதி) பெட்டில் பூட்டி ஒரு முறை பார்ட்டிங் செய்து பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் அளவுகளோடு எழுதுங்கள்.

கேள்வி: அட்லஸ் லேத்துக்கு ஆட்டம் நீங்கியபின் 1/16 சுற்று இறுக்கச் சொல்கிறார்கள். என் லேத்துக்கும் அதையே பின்பற்றலாமா?

பின்பற்றக் கூடாது. 1/16 சுற்று என்பது தூரமன்று. 1.5 மிமீ பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) மரையில் அது சுமார் 0.09 மிமீ, மெல்லிய மரையில் வேறு. உங்கள் நட்டின் பிட்ச்சும் பேரிங்கின் அளவும் வேறாக இருக்கும்போது அடுத்தவரின் சுற்று உங்களுக்கு உதவாது. நூலும் தராசும் கொண்டு அளக்கும் முறையை மேலே சொல்லியிருக்கிறேன். சூடாக்கிய பிறகு, குறி போட்ட பிறகு.

கேள்வி: புதிய டேப்பர் ரோலர் பேரிங் போட்டேன். ஸ்பிண்டில் மூக்கில் 0.015 மிமீ ரன் அவுட் (சுழலும்போது மையம் விலகுவது) உள்ளது. பிரீலோடைக் கூட்டினால் குறையுமா?

குறையாது. ரன் அவுட்டுக்குக் காரணம் வளையங்களின் வட்டப்பிழையும் ஸ்பிண்டிலின் வட்டப்பிழையும்தான். கடையில் கிடைக்கும் சாதாரண கிளாஸ் (துல்லியத் தரம்) 4 அல்லது 2 பேரிங்கை நீங்கள் போட்டிருக்கலாம். நுண்ணிய வேலைக்கு கிளாஸ் 3 அல்லது அதைவிட மேலானது வேண்டும். இருப்பதை வைத்தே குறைக்க விரும்பினால், உள்வளையத்தின் மேட்டுப் புள்ளியைக் கண்டு, ஸ்பிண்டிலின் மேட்டுப் புள்ளிக்கு எதிர்ப்புறமாக வருமாறு திருப்பிப் பொருத்துங்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடும்.

கேள்வி: சூப்பர் 7-இன் முன்பக்க வெண்கல புஷ்ஷை எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம்?

எண்ணெய் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு. நீளவாட்டு விசையைத் தாங்குவது பின்பக்கப் பால் பேரிங் ஜோடி. முன்பக்க டேப்பர் ஸ்பிண்டிலை நடுவில் நிறுத்த மட்டுமே. அதை இறுக்கிப் பிரீலோடு தர முயன்றால் கெட்டித்தன்மை உள்ள ஸ்பிண்டில் வெண்கலத்தைக் கவ்விக்கொள்ளும். ஓடத் தொடங்கும் முன் முன்பக்க எண்ணெய்க் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா என்பதைத் தினமும் பாருங்கள்.

கேள்வி: புதிய பேரிங் போட்டபின் மீண்டும் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டும். முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒரு முறை, மாதம் கழித்து ஒரு முறை. இரண்டிலும் இயந்திரம் சூடாக இருக்கும்போதே.