போரில் இறந்த விமானப்படை இளைஞருக்குக் கல்லறை இல்லாமல், சுவரில் பெயர் மட்டும் இருப்பது ஏன்?

உடல் கிடைக்கவில்லை, அல்லது அடையாளம் தெரியவில்லை என்பதே காரணம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவில் மட்டும் 55,573 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோருக்கு இருபதைச் சுற்றிய வயது. எல்லோருமே தாமாக முன்வந்து பறக்கச் சேர்ந்தவர்கள். இரவில் கிளம்பிய விமானம் வட கடலில் விழுந்தால் தடயம் மிஞ்சாது. வீட்டுக்குக் 'காணவில்லை' என்று தந்தி வரும். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்ற கடிதம். அந்த இடைவெளியைப் பெற்றவர்கள் எப்படிக் கடந்திருப்பார்களோ, நினைத்தாலே மனம் கனக்கிறது.

போர் முடிந்ததும் விமானப்படையின் தேடுதல் குழுக்கள் ஐரோப்பாவில் ஊர் ஊராக அலைந்தன. அடையாளம் தெரியாத உடல்களைத் தோண்டியெடுத்து, சட்டைக் காலரில் இருந்த சலவைக் குறி, மோதிரம், நொறுங்கிய இயந்திரத்தின் வரிசை எண் என்று ஒவ்வொன்றையும் வைத்துப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் இருப்பார்கள். யார் உடல் எது என்று பிரிக்க முடியாதபோது ஒன்றாகவே அடக்கம் செய்து, பெயர்க் கற்களைத் தோளோடு தோள் ஒட்டி நட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கண்டறிய முடியாதவர்கள் 20,000-க்கும் மேல். பிரிட்டனிலும் வடமேற்கு ஐரோப்பாவிலும் இருந்த தளங்களிலிருந்து பறந்த அவர்களின் பெயர்களைத்தான் இங்கிலாந்தில் 1953-இல் திறக்கப்பட்ட ரன்னிமீட் நினைவகத்தில் பொறித்திருக்கிறார்கள். தென்கிழக்காசியாவில் காணாமல் போனவர்களுக்குச் சிங்கப்பூரின் கிராஞ்சியில் நினைவகம் உண்டு.

இப்படி இறந்த உறவினர் உங்களுக்கு இருந்தால், அவரது பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். எந்த நினைவகம், எந்தப் பலகை என்பது வரை இலவசமாகவே கிடைக்கும்.