இரவில் இரண்டு பெக், விடிகாலையில் வியர்வை: சர்க்கரை கேள்வி-பதில்

கேள்வி: குடித்தால் சர்க்கரை ஏறும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு விருந்தில் இரண்டு பெக் விஸ்கி, சரியாகச் சாப்பிடவில்லை. படுக்கும்போது 148. காலை ஐந்து மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து விழித்தேன், மீட்டரில் 58. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். இது எப்படி?

நீங்கள் நினைத்ததில் பாதி சரி. பீரிலும், இனிப்புக் குளிர்பானம் கலந்து குடிப்பதிலும் சர்க்கரை முதலில் ஏறத்தான் செய்யும். பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு வரும் இறக்கத்துக்கு.

நாம் தூங்கும்போது உடம்புக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை இருப்பை உடைத்துக் கொடுக்கும். அது தீரத் தீரப் புதிதாகவும் தயாரிக்கும். மது உள்ளே போனதும் கல்லீரல் அதைக் கரைக்கும் வேலையில் இறங்கிவிடும், புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை படுத்துவிடும். நீங்களோ இரவுச் சாப்பாட்டையும் தட்டிக்கழித்துவிட்டீர்கள், இருப்பும் குறைவு. இந்தப் பக்கம் கிளிமிபிரைடு, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலே கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் நடக்கிறது. அதுதான் அந்த 58.

படுக்கும்போது 148 இருந்தது உங்களை ஏமாற்றிவிட்டது. மதுவின் இந்த விளைவு 24 மணி நேரம் வரைகூட நீளலாம். மறுநாள் காலை, குடித்ததற்குப் பரிகாரம்போல வெறும் வயிற்றில் வேகமாக நடக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, கூட இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தள்ளாட்டம், உளறல், சிடுசிடுப்பு, தூக்கக் கலக்கம் எல்லாம் போதைக்கும் உண்டு, லோ சுகருக்கும் உண்டு. ‘ஏறிடுச்சு, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ். பொடி என்றால் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரையை அவசரமாக ஏற்றும் குளுக்ககான் ஊசி கையில் இருந்தாலும் அதையே நம்பி இருக்க முடியாது. அது கல்லீரலின் இருப்பை எடுத்துத்தான் வேலை செய்யும். இருப்பே இல்லாதபோது எதை எடுக்கும்?

கேள்வி: அப்படியானால் குடிக்கிற அன்று மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாமா?

இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து விஷயமே மாறும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் என்றால் லோ சுகர் பயம். மெட்ஃபார்மின் தனியாக அந்த அளவுக்கு இறக்காது. ஆனால் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் நிறையக் குடித்துச் சாப்பாட்டையும் விட்டால் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறிவிடலாம். மீட்டரில் அளவு பெரிதாக ஏறாமலே இது நடக்கும் என்பதுதான் வில்லங்கம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் ‘ஹேங்ஓவர்’ என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். குடிக்கும் பழக்கத்தை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால் மாத்திரையை அதற்கேற்ப அவர் முடிவு செய்வார்.

கேள்வி: அம்மாவுக்கு மூச்சிரைப்புக்காகக் காலையில் பிரட்னிசலோன் தருகிறோம். வெறும் வயிற்றில் 112 காட்டுகிறது, மாலையில் 310. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பிரட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. காலையில் போட்டால் அது மதியத்துக்கு மேல் சர்க்கரையைத் தூக்கும், இரவில் அடங்கும். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்க்கிறவர்கள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்து எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நாள்கணக்கில் சாப்பிட்டுவரும் ஸ்டீராய்டை 310-ஐப் பார்த்த பயத்தில் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் பங்குக்கு ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்திருக்கும், திடீரென்று விட்டால் சரிந்துவிடுவார். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது, அதற்காகக் கூட்டிய சர்க்கரை மருந்தையும் கூடவே குறைக்க வேண்டும். இதை மறந்துதான் பலருக்கு லோ சுகர் வருகிறது.

மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். வழக்கமான அளவில் இழுக்கும் இன்ஹேலர் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

கேள்வி: கைநடுக்கத்துக்கு ப்ரோப்ரனோலால் கொடுத்திருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறேன். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் படபடக்கும், இப்போது தெரிவதே இல்லை.

கவனித்தது நல்லது. படபடப்பும் நடுக்கமும் அட்ரினலின் அடிக்கும் எச்சரிக்கை மணி. அந்த மணியின் வாயைத்தான் இந்த மாத்திரை கட்டுகிறது. வியர்வையை மட்டும் அதனால் தடுக்க முடியாது. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே அளந்து பாருங்கள். மாற்று மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கேள்வி: கொழுப்பு மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்கிறார்கள். விட்டுவிடவா?

ஸ்டாடின் எனப்படும் கொழுப்பு மாத்திரை சற்று ஏற்றும், உண்மை. ஆனால் மாரடைப்பிலிருந்து அது தரும் பாதுகாப்பு அதைவிடப் பெரியது. விடாதீர்கள்.

கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின் ஆரம்பித்த இரண்டாம் நாள் 52. தற்செயலா?

பெரும்பாலும் இல்லை. அந்த வகை ஆன்டிபயாடிக் இன்சுலினை அதிகம் சுரக்க வைக்கும். கிளிமிபிரைடு போன்றவற்றோடு சேர்ந்தால், அதுவும் வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், ஆளையே சாய்க்கும். சிலருக்கு நேர்மாறாக ஏற்றியும் விடும். அந்த 52-ஐ மருந்து எழுதிய டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள், மருந்து முடியும் வரை கூடுதலாக அளந்து பாருங்கள்.

கேள்வி: கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறேன். வைட்டமின் சி மாத்திரை தொடங்கியதிலிருந்து அளவு கூடுதலாகக் காட்டுகிறது.

வைட்டமின் சி அதிக அளவில் போனால் சில சென்சார்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். வேறு சிலவற்றுக்குப் பாரசிட்டமால் ஆகாது. உங்கள் சென்சாரோடு வந்த தாளில் எது எவ்வளவு என்று இருக்கும். அதுவரை சென்சார் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டாமல், விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.