ஃபோர்க் அடியில் முட்டினால் காற்றடிப்பதுதான் வழியா?

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அண்ணே, என் எடை 74 கிலோ. முன்னால் 140 மி.மீ., பின்னால் 130 மி.மீ. அமுங்கி அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள் வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் செஸ்ட்நட் மலைச் சைக்கிள் பாதைக்குப் போவேன். ஒரு நாள் குதித்து இறங்கும்போது ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன், ‘டொக்’கென்று அடியில் முட்டியது. கடையில் ஃபோர்க்கில் காற்றை ஏற்றச் சொன்னார்கள். காற்றழுத்தம் 75 பிஎஸ்ஐ இருந்ததை 95 ஆக்கினேன். இப்போது முட்டுவதில்லை. ஆனால் இறக்கம் முடிவதற்குள் உள்ளங்கை மரத்துப்போகிறது, வளைவில் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது. வேகமாக ஓட்டுபவனுக்கு சஸ்பென்ஷன் இறுக்கமாக இருப்பதுதானே நல்லது?”

தம்பி, உங்கள் கை மரத்துப்போவதற்கும் வளைவில் வழுக்குவதற்கும் காரணம் ஒன்றேதான். அடியில் முட்டுவது, ஃபோர்க் அமுங்கும் தூரத்தில் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நடக்கிற விஷயம். அதற்காக நீங்கள் 140 மில்லிமீட்டரையும் இறுக்கிவிட்டீர்கள். குதித்து இறங்கும் அந்த ஒரு நொடிக்கு வேண்டிய இறுக்கத்தை, வழியெல்லாம் வேரிலும் சரளையிலும் உங்கள் கை சுமக்கிறது. ஃபோர்க் உயர்ந்தே நிற்பதால் உடல் எடை பின்னால் தள்ளப்படுகிறது. முன்டயரை மண்ணில் அழுத்தப் போதிய எடை இல்லை, அதனால் வழுக்குகிறது.

இறுக்கத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் அளக்க வேண்டியது அமிழ்வு. நீங்கள் ஏறி நின்றதுமே சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு இது, கடையில் ‘சேக்’ என்பார்கள். வேகமாகக் காட்டுப்பாதை ஓட்டுபவர்களுக்கு முன்னால் 20 முதல் 25 விழுக்காடு, பின்னால் 28 முதல் 30 விழுக்காடு என்று தொடங்கச் சொல்வேன். உங்கள் 140 மி.மீ. ஃபோர்க்குக்கு அது 28 முதல் 35 மி.மீ. இப்போது 95 பிஎஸ்ஐயில் அளந்தால் 20 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது என்று நினைக்கிறேன்.

அளக்கும்போது தலைக்கவசம், முழங்கால் காப்பு, தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். 74 கிலோ அப்போது 78, 79 ஆகிவிடும், ஃபோர்க் சுமக்கப்போவது அந்த எடையைத்தான். புளோக்கின் கீழே ஒரு தூணில் முழங்கையைச் சாய்த்து, பெடலில் எழுந்து நில்லுங்கள். உட்காரக் கூடாது. அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகு, சஸ்பென்ஷனைப் பூட்டும் லாக் அவுட் எல்லாம் திறந்திருக்கட்டும். நின்றபடியே இரண்டு மூன்று முறை உடலால் அமுக்கி எழும்புங்கள். பிறகு அசையாமல் நிற்க, நண்பர் ஒருவர் ஃபோர்க் காலில் இருக்கும் ரப்பர் வளையத்தை, மேல்கால் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்திலுள்ள சீல் வரை தள்ளிவிடட்டும். மெல்ல இறங்கி, சீலுக்கும் வளையத்துக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். ஒரு முறை அளந்ததை நம்பாதீர்கள், மூன்று முறை எடுங்கள்.

பின்பக்க சஸ்பென்ஷனான ஷாக்கில் பலரும் தவறுவது ஓரிடத்தில். சக்கரம் 130 மி.மீ. நகர்ந்தாலும் ஷாக்கின் தண்டு அவ்வளவு நகராது. ஷாக்கின் மேல் 210x50 என்று எழுதியிருந்தால் அந்த 50தான் தண்டு நகரும் தூரம். அதில் 28 விழுக்காடு 14 மி.மீ. சக்கரத்தின் 130ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஷாக்கில் 36 மி.மீ. தேடியவர்களை என் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

காற்றை ஒரேயடியாக அடிக்காதீர்கள். கொஞ்சம் அடித்து, ஃபோர்க்கைப் பத்து முறை அமுக்கி எடுத்து, மறுபடி அடியுங்கள். உள்ளே இரண்டு காற்றறைகள் இருக்கின்றன, அமுக்கினால்தான் இரண்டும் சமனாகும். பம்பைக் கழற்றும்போது வரும் ‘புஸ்’ சத்தம் குழாயில் இருந்த காற்று. ஃபோர்க்கிலிருந்து போகிறது என்று பயந்து கூட்டி அடிக்க வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஏர்கான் போட்ட அறையில் 24 டிகிரியில் 80 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, மதியம் 34 டிகிரியில் பாதையில் இறங்கினால் அதே காற்று ஏறத்தாழ 83 ஆகிவிடும். பின் ஷாக்கில் 180 வைத்திருந்தால் 186க்கு மேல். வெப்பத்தில் காற்று விரிவதன் எளிய கணக்குதான் இது. காலையில் மெத்தென்று இருந்த சைக்கிள் மதியம் கட்டையாகிவிட்டது என்று குழம்புகிறவர்கள் பாதி பேருக்கு இதுதான் விளக்கம். பம்பைப் பையில் எடுத்துப்போய், பாதையின் தொடக்கத்தில் நிழலில் பத்து நிமிடம் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சரிபாருங்கள்.

இனி அந்த ‘டொக்’. அமிழ்வைச் சரிசெய்ததும் காற்று 80க்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம், மறுபடி முட்டும். அதற்குத்தான் டோக்கன் என்கிற பிளாஸ்டிக் துண்டு. காற்றறைக்குள் அதைப் போட்டால் அறையின் கொள்ளளவு குறைகிறது. தொடக்கத்தில் வித்தியாசமே தெரியாது. அமுங்க அமுங்க, கடைசிப் பகுதியில் மட்டும் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். நீங்கள் தேடிய இறுக்கம் நீங்கள் தேடிய இடத்தில் கிடைக்கும். ஒரு டோக்கன் போட்டு ஓட்டிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. காற்றை முழுவதும் வெளியேற்றாமல் மேல்மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள், மூடி முகத்தில் பாயும். இதைச் செய்து பழக்கமில்லை என்றால் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். காற்று ஏற்றச் சொன்ன கடையிலும் டோக்கன் இருக்கும், கேட்டால் போடுவார்கள்.

அந்த நாளின் மிகப்பெரிய குதிப்பில் ஒரு முறை லேசாகத் தொட்டால் கவலை வேண்டாம். வளையம் கடைசி 5, 10 மில்லிமீட்டரை மட்டும் விட்டு நின்றால் ஃபோர்க்கை நன்றாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். பாதியிலேயே நின்றால்தான் காசு கொடுத்து வாங்கிய 140 மி.மீ. வீணாகிறது.

ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஃபோர்க் திரும்பி வரும் வேகம். வலது காலின் அடியில், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் திருகு. காற்றைக் கூட்டினால் ஸ்பிரிங் வலுவாகிறது, திரும்பும் வேகமும் கூடுகிறது. நீங்கள் 20 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு இந்தத் திருகைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஃபோர்க் உங்கள் கையைத் திருப்பி உதைத்திருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முதல் வேரிலேயே கை அதிர்ந்தால் காற்று அதிகம், அல்லது ரீபவுண்ட் வேகம். முதல் இரண்டு வேர் மெத்தென்று போய், நான்காவது ஐந்தாவது வேரில் கட்டையாக அடித்தால் ரீபவுண்ட் மந்தம்: அடுத்த வேர் வருவதற்குள் ஃபோர்க் எழ முடியாமல் அடிக்கு அடி தாழ்ந்துகொண்டே போகிறது. செஸ்ட்நட் வேர்ப் பகுதியில் ஒரே இறக்கத்தில் இந்த இரண்டையும் பிரித்தறியலாம். திருகை முழுதும் மூடி, அங்கிருந்து கிளிக் எண்ணித் திறங்கள். ஒரு முறைக்கு இரண்டு கிளிக் போதும்.

கம்ப்ரெஷனில் லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு என்பது உங்கள் வேகம் இல்லை, தண்டு அமுங்கும் வேகம். பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்வதும், வளைவில் உடல் அழுத்துவதும் லோ ஸ்பீடு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அது லோ ஸ்பீடுதான். கூர்மையான கல்லில் மோதுவதும் குதித்து இறங்குவதும் ஹை ஸ்பீடு. ஆவேசமாக ஓட்டுபவர்களுக்கு லோ ஸ்பீடில் இரண்டு மூன்று கிளிக் கூட்டினால் வளைவில் சைக்கிள் அமுங்கி ஓடாமல் தாங்கி நிற்கும். மழை பெய்து வேர்கள் பளபளக்கும் நாளில் அதையே குறைத்துவிடுங்கள், டயரிலும் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறக்குங்கள். ஈரத்தில் டயர் மண்ணைப் பிடித்திருக்க மென்மைதான் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 300 மீட்டர் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே மூன்று முறை ஓட்டி, காற்று, டோக்கன், கிளிக் எண்ணிக்கையை உடனே கைப்பேசியில் குறித்து வையுங்கள். புலாவ் உபினின் கேத்தாம் பூங்காவுக்குப் போகும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும். அங்கே கடினமானவை என்று கருப்பு வைரக் குறி போட்ட பாதைகளுக்குச் செஸ்ட்நட் அமைப்பு அப்படியே ஒத்துவராது. இன்னொரு டோக்கன் வேண்டியிருக்கலாம். சாங்கியில் படகு ஏறிய பிறகு டோக்கன் நினைவுக்கு வந்து பயனில்லை, முந்தின இரவே போட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஃபோர்க் சிறிய அதிர்வுகளை விழுங்காமல் பிடித்துப் பிடித்து நகர்ந்தால், கீழ்க்கால்களில் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுவது என் வழக்கம். வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆறு மாதத்தில் அது வந்துவிடும். நம் ஈரக் காற்றிலும் களிமண்ணிலும் ஓடிய ஃபோர்க்கைத் திறந்தால் எண்ணெய் தேங்காய்ப் பால் கலந்த காப்பிபோல் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த ஃபோர்க்கில் எத்தனை கிளிக் திருகினாலும் பயன் இல்லை. முதலில் எண்ணெயை மாற்றிவிட்டு, பிறகு அமிழ்விலிருந்து தொடங்குங்கள்.